முத்தாலம்மாளின் நடை இந்தக் கதையில் இல்லை

1

இந்தக் கதை கிழக்குத் தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆரம்பித்தது. ஆத்திரம் ஆறிய பிறகு எழுது என்பார்கள். ஆறினால் நான் எழுத மாட்டேன், தூங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

காலை நேரம். சோழிங்கநல்லூர் போகும் பேருந்துக்காக நின்றிருந்தேன். கல்லூரிப் பையன்கள் கும்பலாக நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "தள்ளிக்கோ, தண்ணி சொட்டுது!" என்று கத்தியபடி அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்து காட்டினான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். அலுவலகம் போகிற பெரியவர்களும் சிரித்தார்கள்.

அது ஒரு கைப்பேசி விளையாட்டில் வரும் அரக்கியின் நடை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அது நாவலூரில் மீன் விற்கும் முத்தாலம்மாள் என்பவரின் நடை என்பது அந்த நிறுத்தத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பையன் எப்படி நடந்தான் என்று நான் இப்போது விவரிக்க வேண்டும். மாட்டேன். காரணம் நான்காம் பகுதியில் இருக்கிறது. அவசரம் என்றால் நேரே அங்கே போய்க்கொள்ளுங்கள்.

2

அடித்துப்போட்ட தொடக்கங்கள்:

முத்தாலம்மாள் கூடையோடு வரும்போது அவள் இடுப்பு— (வேண்டாம்.)

கடல் மணலில் பழகிய கால்கள் தார்ச்சாலையில் இறங்கும்போது அவள்— (அழகாகத்தான் போகும். அழகாக எழுதிக் கைதட்டு வாங்குவதும் ஒரு திருட்டுதான்.)*

* கதைகளில் மீன் விற்பவர் எப்போதும் 'அவள்', டாக்டரம்மா 'அவர்'. என் கையும் அப்படித்தான் ஓடியிருக்கிறது. இனி 'அவர்'.

சரி, என்னிடமிருந்தே தொடங்குகிறேன். என் பெயர் கிறிஸ்டி. நாவலூரில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை. விலங்குகளைத் திரையில் நடக்கவைப்பது என் பிழைப்பு. கதை எழுதுவது வீட்டுக்கு வந்த பிறகு.

குதிரை நடக்கும்போது இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று ஒவ்வொன்றாக வைக்கும். கண்ணை மூடிக்கொண்டால் நான்கு சத்தம் தனித்தனியாகக் கேட்கும். கொஞ்சம் ஓட்டம் பிடித்தால் எதிர்மூலைக் கால்கள் ஜோடி சேர்ந்துகொள்ளும், சத்தம் இரண்டாகிவிடும். தெருநாய் ஓடும்போது உடம்பைச் சற்றுக் கோணலாக வைத்துக்கொள்ளும். பின்னங்கால் முன்னங்காலில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி. மனிதர்களாகிய நாமோ ஒவ்வொரு அடியிலும் விழப்போய், அடுத்த காலை வைத்துத் தப்பித்துக்கொள்கிறோம். இதையெல்லாம் நான் மணிக்கணக்காகப் பேசுவேன். குதிரை கோபித்துக்கொள்ளாது.

3

அந்த விளையாட்டுக்காகக் கோவளம் கடற்கரையில் சவாரி விடும் மாரி அண்ணனின் குதிரை சுல்தானைப் படம் எடுத்தோம். ஸ்டூடியோ வாசலில் படுத்துக்கிடக்கும் பன்னு என்ற நாயை எடுத்தோம். பிறகு கதாநாயகனின் அம்மாவுக்கு ஒரு நடை தேவைப்பட்டது.

எங்கள் குழுத் தலைவன் ஆஸ்டின்தான் முத்தாலம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு மீன் கொண்டுவருபவர். நடையைப் பதிவுசெய்ய உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டும்; புடவையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புடவைக்கு மேலேயே பட்டை கட்டி, கேமராக்கள் அசைவைப் பிடிப்பதற்கான சின்னப் பந்துகளை ஒட்டினார்கள். தலையில் காலி அன்னக்கூடை. ஆஸ்டின் வழியில் நின்றதும் பழக்கதோஷத்தில், "தள்ளிக்கோ, தண்ணி சொட்டுது" என்றார். கூடையில் தண்ணீரே இல்லை. எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அது நல்ல சிரிப்பு. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கதாநாயகனின் அம்மா உடல் இன்னும் வரைந்து முடியவில்லை. அன்றைக்குத் தயாராக இருந்தது அரக்கியின் உடல் மட்டும்தான். நடை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க ஆஸ்டின் அதைத் தற்காலிகமாக அரக்கிமேல் ஏற்றினான். எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான். கழற்ற மறந்து அப்படியே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டான். அவர்கள் அங்கே மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். இதுவே இருக்கட்டும் என்றார்கள். பதிவில் இருந்த முத்தாலம்மாளின் குரலையும் சேர்த்தார்கள். தண்ணீர் எதற்கு என்று புரியாமல், கூடையிலிருந்து ரத்தம் சொட்டுவதாக வரைந்தார்கள்.

விளையாட்டின் கடைசியில் நன்றிப் பட்டியல் ஓடும். அதில் சுல்தான் பெயர் இருக்கிறது. பன்னு பெயர் இருக்கிறது. முத்தாலம்மாள் பெயர் இல்லை. ஆஸ்டினிடம் போய்க் கேட்டேன்.

"பேரு போட்டா நாளைக்கு வந்து ஏதாவது கேப்பாங்க, கிறிஸ்டி. லீகல்ல வேணாம்னுட்டாங்க. குதிரை வந்து கேக்காதுல்ல?"

(ஆஸ்டினை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். நிற்கவில்லை. அவன் கிறிஸ்துமஸுக்கு வாட்ச்மேன் வீட்டுக்கெல்லாம் கேக் கொண்டுபோய்க் கொடுப்பவன். முத்தாலம்மாள் தலையிலிருந்து கூடையை இறக்கக் கைகொடுப்பவன். வில்லனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். நல்லவனாக இருந்துகொண்டே இதைச் செய்கிறான், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

4

போன வாரம் ஆஸ்டின் என்னிடம் வந்தான். அடுத்த பதிப்பில் அரக்கிக்கு ஒரு நடனம் வேண்டுமாம். "நீ போய்ப் பேசு. அவங்க இப்போ செம ஃபேமஸ், அவங்களுக்கே தெரியாது" என்றான்.

அவருக்குத் தெரிந்திருந்தது. அடுக்குமாடியின் பிளாக் பிளாக்காகக் கூவிக்கொண்டு போகிறவர், வெளியே மெயின் ரோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் மீன் அப்படியே இருந்தது. யாரும் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை.

"என்னக்கா, உள்ள போகலையா?"

"போவல."

"உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது. பசங்க லைன் கட்டிகினு பின்னாலயே வருதுங்க. ரெண்டு நாளு நானும் சிரிச்சிகினே வுட்டேன். அப்பால பெரியவங்களும் பால்கனில நின்னுகினு போன்ல புடிக்கிறாங்க. எங்கிட்ட மீனு வாங்கித் துன்னவங்கதானே?"

அவரே தொடர்ந்தார்.

"சரிதாதான் போன்ல காமிச்சா. எம் பொண்ணு. தலைல ரத்தம் ஊத்திகினு ஒரு பேயி வருது. எம்மா, இது நீதானேன்னு அயுறா. மூஞ்சி என்னுதில்ல, ஒடம்பு என்னுதில்ல. நடக்கறத பாத்தே பெத்த பொண்ணு கண்டுபுட்ச்சிட்சி. நான் இன்னாம்மா பண்ணேன் அவங்களுக்கு?"

நடனத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அவர் ஈயை விரட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"டான்ஸு வேணாம். அந்தத் தம்பியாண்ட சொல்லு. அந்தக் காம்பவுண்டுக்குள்ள நான் மின்ன மாரி நடக்கணும். அத்த பண்ணித் தரச் சொல்லு."

எழுந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். "நீ கத எயுதற பொண்ணாமே. எயுதிக்கோ. நான் எப்டி நடக்கறேன்னு மட்டும் எயுதாத. அத்தப் பட்ச்சிட்டும் நாலு பேரு நடந்து பாப்பாங்க."

இதுதான் காரணம்.

5

முடிவுகள்.

அ. முத்தாலம்மாள் ஸ்டூடியோவுக்கு வருகிறார். பட்டையெல்லாம் கட்டவிடுகிறார். கேமராக்கள் ஓடத் தொடங்கியதும் மீன் அரிய உட்கார்வதுபோல் தரையில் சப்பணமிட்டு, ஒன்றுமே செய்யாமல்— (கைதட்டல் விழும். ஆனால் அவர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக அவரை மறுபடியும் அந்த அறைக்கு நடத்திக்கொண்டு போக நான் யார்?)

ஆ. கருவியைச் சரிபார்க்க நாங்கள் எல்லோரும் நடந்திருக்கிறோம். ஆஸ்டினின் நடையும் சர்வரில் இருக்கிறது. அதை அரக்கிமேல் ஏற்றினேன். (கற்பனை இல்லை, நேற்றைக்கு ஏற்றியே பார்த்துவிட்டேன்.) ஒரு தோள் லேப்டாப் பைக்குச் சரிந்திருக்க, இல்லாத போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே அரக்கி நடந்தது. பக்கத்து மேசை அனுப்பிரியா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது ஏதோ ஆபீஸ் போற மாதிரி இருக்கு. பழசுதான் செம காமெடி" என்றாள். எங்கள் நடை யாருக்கும் சிரிப்பு மூட்டாது. அவர் நடைக்கு மட்டும்தான் இந்த ஊர் சிரிக்கும். அனுப்பிரியா சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த டீயை யார் மேலாவது ஊற்றலாம் போலிருந்தது.

இ. முத்தாலம்மாளின் நடை இருக்கும் ஃபைலையே நான் அழித்துவிடுகிறேன். திங்கட்கிழமை புதுப் பதிப்பு வெளியாகும்போது அரக்கிக்கு என் நடை இருக்கும். வேலை போனால் போகட்டும். (இதைச் செய்துவிட்டேன். இன்று சாயங்காலம்தான். ஆஸ்டினுக்கு இன்னும் தெரியாது.)

இங்கே முடித்தால் நான் நல்லவளாகிவிடுவேன், கதையும் சுபம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே நிறுத்தத்தில் இறங்கினேன். காலையில் பார்த்த பையன்கள் இல்லை, வேறு பையன்கள். ஒருவன் டிபன் பாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டான். சர்வரிலிருந்து அழித்துவிட்டேன், இவன் காலிலிருந்து எப்படி அழிப்பேன்?

போய் அவனிடம் சொன்னேன். "தம்பி, அது ஒருத்தரோட நடை. பேரு முத்தாலம்மாள். நாவலூர்ல மீன் விக்கிறாங்க. இதனால அவங்களால தெருவுல நடக்க முடியல."

பையன் டிபன் பாக்ஸை இறக்கினான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "சாரி ஆன்ட்டி" என்றான். நான் திரும்பி நடந்தேன். பத்தடி போவதற்குள் பின்னால் சிரிப்புச் சத்தம் வெடித்தது. பார்க்காமலே தெரிந்தது, இப்போது என்னைப்போல் நடந்துகாட்டுகிறான்.

முத்தாலம்மாள் நாளைக் காலையும் அந்தப் பெட்டியின்மேல்தான் உட்கார்ந்திருப்பார். எழுந்து கூடையைத் தலைக்கு ஏற்றி உள்ளே போவாரா என்பதை நான் எழுத முடியாது. அது என் கையில் இல்லை. உங்கள் நிறுத்தத்திலும் ஒருவன் "தள்ளிக்கோ, தண்ணி சொட்டுது" என்று கத்திக்கொண்டு வருவான். நீங்கள் சிரிக்கலாம், சும்மா இருக்கலாம், அவனிடம் போய் அவர் பெயரைச் சொல்லலாம். தெரியாது என்று மட்டும் இனிமேல் உங்களால் சொல்ல முடியாது.