பூட்டிய குழாய்

பேருந்து நிலையக் கழிப்பறையைப் பதினோரு வருடமாகக் கழுவுகிறவள் நான். எதைப் பார்த்தும் மூக்கைப் பிடித்ததில்லை. அன்று ஒரு பேப்பர் கப்பில் இருந்த தண்ணீரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இளஞ்சிவப்பாக இருந்தது.

பின்சுவரோரம் போதை ஊசி போடும் நான்கு பேர் அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். வாரம் ஒருமுறை புது ஊசி கொடுக்க வரும் நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆளுக்கொரு ஊசி தர்றேனே, அப்புறமும் ஏன்டா உங்களுக்குக் காமாலை வருது?"

"நாங்க ஊசிய மாத்திக்கிறதே இல்லக்கா," என்றான் ஒட்டடை என்கிற நெட்டையன், ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி. சொல்லிக்கொண்டே தன் ஊசியைக் கப்பில் அலசினான். பக்கத்தில் இருந்தவன் அதே தண்ணீரை உறிஞ்சித் தன் மருந்தைக் கரைத்தான்.

"கருமம், அதுல நாலு பேர் ரத்தமும் இருக்குடா. ஆளுக்குத் தனியா நல்ல தண்ணி எடுத்தா என்ன கேடு?" என்றார் நர்ஸம்மா.

"எங்க எடுக்கறது? கிடைச்சது இவ்வளவுதான். இந்தச் சுவத்துக் குழாயத்தான் பூட்டிட்டாங்களே."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "யாரு பூட்டினது?"

இவர்கள் ஊசி அலசிக் குழாய்த் தொட்டியெல்லாம் ரத்தம் தெறிக்கிறது, எவள் கழுவுவது என்று போன மாதம் பூட்டுப் போட்டவள் நான்தான். கொத்துச் சாவி குலுங்காதபடி இடுப்புப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"யாரோ தெரியலம்மா," என்றேன்.