துலாவுக்கு இங்கிலிஷில் என்ன?

எங்கள் இருவரில் வெளிநாட்டுக்குப் போக ஆசைப்பட்டவர் அவர்தான். நான் அளவெட்டியை விட்டுக் கொழும்புக்குப் போவதென்றாலே முதல்நாளே தலையிடி வந்துவிடுகிற ஆள்.

அவர் என்றால் என் கணவர் பஞ்சலிங்கம். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். நான் அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் கொழும்புப் பேப்பர் வாங்க மருதனார்மடச் சந்திக்குச் சைக்கிளில் போவார். வந்ததும் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, முன்பக்கத்தைத் தொடாமல் நேரே விளம்பரப் பக்கத்தைத் திறப்பார். நைஜீரியா, சாம்பியா, புரூணை, மாலைதீவு. ஆசிரியர் தேவை என்று எங்கே கிடந்தாலும் விண்ணப்பம் போட்டுவிடுவார். எங்களோடு படிப்பித்த செபநாயகம் மாஸ்டர் நைஜீரியாவிலிருந்து லீவில் வந்து, அங்கத்தைய பிள்ளைகளைப் பற்றியும் வகுப்புகளைப் பற்றியும் கதைத்துவிட்டுப் போன பிறகு இவருக்கு ஊரில் கால் தரிக்கவில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஆசைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசியதில்லை.

அடுத்த வருடம் மாசியில் ஒரு விளம்பரம் வந்தது. சாம்பியாவில், லுசாக்கா நகரத்தில் ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடம். பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். கணிதத்துக்கும் வேறு சில பாடங்களுக்கும் ஆசிரியர்கள் வேண்டுமாம்.

"நீரும் ஒண்டு போட்டுப் பாருமன், ஞானம்" என்றார்.

"எனக்கென்னத்துக்கு? நான் இங்கிலிஷிலை ஒரு நாளும் படிப்பிச்சதில்லை."

"சும்மா போடும். ஒரு முத்திரைதானே."

அவருடைய விண்ணப்பத்தோடு என்னுடையதையும் அவரே எழுதினார். என்னைப் பற்றி அவர் எழுதியிருந்ததை வாசித்தபோது, இவ்வளவு நல்ல ரீச்சரை நானே பார்த்ததில்லையே என்று சிரித்தேன்.

சித்திரை முடிகிற நேரத்தில் தந்தி வந்தது. கொழும்பில் நேர்முகப் பரீட்சை. பெயர் என்னுடையது. அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு கிழமை பார்த்தோம், அப்போதும் வரவில்லை.

அந்தக் கிழமை அவர் எப்படி இருந்தார் என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை, முகம் கறுக்கவும் இல்லை. சந்திப்பவர்களிடமெல்லாம், "ஞானத்துக்கு லுசாக்காவிலை இருந்து கூப்பிட்டிருக்கினம்" என்று அவரே முந்திச் சொன்னார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கப் போகவில்லை.

திங்கட்கிழமை என்னைப் பழக்கத் தொடங்கினார். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடித்ததும் நான் விறாந்தையில் நின்று ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டும். அவர் கதிரையில் இருந்து கேட்பார். பக்கத்து வளவில் தவில் சாதகம் நடக்கும். அதற்கு மேலால் நான் கத்த வேண்டும்.

"சீரோ இல்லை, ஸீரோ. பல்லைச் சேர்த்து நாக்கை அதிர வையும்."

"ஸீரோ."

"இப்ப பரலல். நாக்கை அவ்வளவு சுழட்டாதையும்."

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்குப் பொறுமை போய்விட்டது. கையில் இருந்த சோக்கட்டியை முற்றத்தில் எறிந்தேன்.

"போக ஆசைப்பட்டது நீங்கள்தானே? நீங்களே போய்ப் படிப்பியுங்கோ. எனக்கு உந்தப் பல்லும் நாக்கும் ஏலாது."

அவர் மெல்லச் சொன்னார்:

"அவை என்னைக் கூப்பிடேல்லையே, ஞானம்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் முற்றத்தில் கிடந்த சோக்கட்டியைத் தேடி எடுத்து, மண்ணை ஊதி, என் கையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் படலையடியில் சத்தம் கேட்டது. அவர் படிப்பிக்கிற ரியூட்டரியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெடியன்களும் பெட்டைகளுமாக விறாந்தை வாங்கில் நெருக்கியடித்து இருந்தார்கள். வரும் வழியிலேயே எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டார். ஒருத்தி மேரி, ஒருத்தன் ஜோன், தெல்லிப்பழையிலிருந்து வருகிற உயரமான பெடியன் டேவிட். கடைசியில் அவரும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் இருந்தார். "நான் பீற்றர்" என்றார்.

"சேர், நீங்கள் எந்த நாடு?" என்று மேரி கேட்டாள்.

"நான் ஸ்கொட்லாந்து. கணக்கு வராது. அதாலைதான் கடைசி வாங்கு."

அப்படி ஒரு சிரிப்பு எங்கள் வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. நான் முக்கோணத்தைக் கீறி ஆங்கிலத்தில் விளக்கினேன். பிள்ளைகள் விளங்கினதுபோல் தலையாட்டினார்கள். டேவிட் கையை உயர்த்தி, ஆங்கிலத்தில் தொடங்கி, இடையில் வார்த்தை வராமல், "ரீச்சர், அந்தக் கோணம் ஏன் அங்காலை போனது?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். பீற்றர் எழுந்து நின்று டேவிட்டின் கேள்வியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இப்படியே பின்னேரங்கள் போயின. பிழைவிடப் பயப்படாமல் ஆங்கிலம் கதைக்க நான் பழகியது அந்த வாங்குக்கு முன்னால்தான். கடைசி நாளில் அவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். மேரிக்குத் தன் சொந்தப் பெயர் மறந்துவிட்டதாக டேவிட் பகிடி பண்ணினான்.

வைகாசியில் கொழும்புக்கு யாழ்தேவி ரயிலில் போனோம். மதவாச்சி தாண்டிச் சிங்கள ஊர்கள் தொடங்கியபோது பெட்டியில் இருந்த பெண்கள் சிலர் கைலேஞ்சியை எடுத்து நெற்றிப் பொட்டைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

நேர்முகம் கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையே வந்திருந்தார். மிஸிஸ் ஹார்டிங், நரைத்த கட்டைமயிர், மூக்குக் கண்ணாடி. நான் உள்ளே போகுமுன் கைப்பையில் இருந்த சாந்தை எடுத்துப் பொட்டை வைத்துக்கொண்டேன். இவர் பார்த்து, "அது நல்லாயிருக்கு" என்றார். அவரைக் கதவுக்கு வெளியே கதிரையில் இருத்திவிட்டுப் போனேன்.

முதலில் சாதாரணக் கேள்விகள். பல்லும் நாக்கும் சொன்னபடி கேட்டன. பிறகு மிஸிஸ் ஹார்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்குக் கணிதம் வராது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று சின்ன வயதிலிருந்து எனக்கு விளங்கவில்லை. யாராலும் விளங்கப்படுத்தவும் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார்.

அளவெட்டியில் பிள்ளைகளுக்கு நான் அதைக் கிணற்றடியை வைத்துத்தான் சொல்வேன். வேறு வழி எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கிணறுகள் இருக்கின்றன, அவற்றிலிருந்து தண்ணீர் அள்ள... என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். துலாவுக்கு ஆங்கிலத்தில் என்ன? கிணற்றடியில் குறுக்கே ஆடுகிற அந்த நீள மரத்தைக் கையால் காட்டினேன். ஒரு முனை மேலே போகிறது, ஒரு முனை கீழே வருகிறது. அவர் "சீசோ?" என்று கேட்டார். இல்லை, இல்லை.

அதன்பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"இஞ்சாருங்கோ, துலாவுக்கு இங்கிலிஷிலை என்ன?"

அவர் திடுக்கிட்டு எழும்பினார். "வெல் ஸ்வீப்" என்றார்.

"வெல் ஸ்வீப்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவந்து இருந்தேன். மிஸிஸ் ஹார்டிங்கின் முகத்தைப் பார்க்கப் பயம். பார்க்காமல் தாளில் துலாவைக் கீறினேன். கொடிக் கயிற்றைக் கீறினேன், அதில் வாளியைத் தொங்கவிட்டேன்.

"வாளி நொடிக்கு இரண்டு அடி கீழே இறங்குகிறது. கீழே போவது மைனஸ். இப்போது வாளி என் கை மட்டத்தில் நிற்கிறது. மூன்று நொடிக்கு முன்னால் அது எங்கே நின்றது? முன்னால் என்பதும் மைனஸ்தான். காலத்தில் பின்னுக்குப் போகிறோம்."

அவர் தாளைப் பார்த்தார். வாளியின் மேல் விரலை வைத்து, மெல்ல மேலே நகர்த்தினார்.

"மேலே" என்றார். "ஆறு அடி மேலே. பிளஸ் ஆறு." பிறகு கதிரையில் சாய்ந்து சிரித்தார். "வெளியே நிற்கிற அந்த மனிதரைக் கூப்பிடுங்கள்."

இவர் வந்தார். இருவரும் கதைத்தார்கள். அவர் அப்படி ஒருவரோடு ஆங்கிலத்தில் சரிக்குச் சரியாகக் கதைத்து நான் அன்றுதான் கேட்டேன். நெல் வயலில் காற்று போவதுபோல் தடையில்லாமல் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவருக்கும் ஒரு வேலை சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். மிஸிஸ் ஹார்டிங், "நீங்களும் விண்ணப்பித்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்துக்கு நாங்கள் இங்கிலாந்திலிருந்துதான் ஆட்களை எடுக்கிறோம்" என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

"நிச்சயமாக" என்றார் இவர். தலையை ஒருமுறை அசைத்தார். வேலை எனக்குத்தான். வீடும் தருவார்கள், கணவரும் கூட வரலாம்.

காலிமுகத்திடலில் வெகுநேரம் நடந்தோம். அவர் மனதில் என்ன என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

"நான் மாட்டன் எண்டு எழுதிப்போடுறன்" என்றேன் கடைசியில். "நீங்கள் சும்மா வீட்டிலை இருக்கிறதுக்கு நாங்கள் அங்கை போகத் தேவையில்லை."

அவர் இறால்வடைக்காரனிடம் வடை வாங்கினார். ஒன்றை என்னிடம் தந்துவிட்டு, மற்றதைக் கடித்து, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சின்ன வயசிலையிருந்து விளங்காத ஒண்டை அந்த மனிசிக்கு ஒரு வாளியாலை விளங்கப்படுத்திப்போட்டீர். உம்மை ஊரிலை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய? போவம். நானும் வாறன்."

ஊரில் இது சின்னக் கதையாகப் போகவில்லை. அவருடைய அக்கா இரத்தினம்மா மல்லாகத்திலிருந்து வந்து முற்றத்தில் நின்றே கதைத்தார்.

"பெண்சாதி உழைக்கப் புருசன் வீட்டிலை குந்தியிருக்கிற வழக்கம் எங்கடை பகுதியிலை இல்லை, தம்பி. அங்கை நீ என்ன செய்யப் போறாய்?"

"சமைப்பன், அக்கா."

"உனக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கத் தெரியுமோ?"

"தெரியாது. பழகலாம்."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் குனிந்துகொண்டேன். கோபத்தோடு போனவர் இரண்டு கிழமை இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார், கையில் அரிவாள்மணையும் மீனும்.

"எழும்படா" என்றார் தம்பியிடம். "போறதெண்டு முடிவெடுத்தாச்சு. அவள் படிப்பிச்சுக் களைச்சு வந்து பட்டினி கிடக்கக் கூடாது. இதிலை இருந்து முதல் மீனை வெட்டு."

அந்த வருடம் முழுக்க நாடு கெட்டுக்கொண்டிருந்தது. ஊரடங்கு வரும், போகும். ஊரடங்கில்லாத சனிக்கிழமைகளில் எங்கள் குசினியில் அக்காவும் தம்பியும் சண்டை பிடித்தார்கள். "பாலை முதல் விடாதை, திரையும்", "புளி காணாது", "உது சொதியோ, பிள்ளைக்கு வைச்ச கஞ்சியோ?" நான் விறாந்தையில் ஆங்கிலக் கணிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் கேட்டுச் சிரித்தபடி இருப்பேன். மார்கழியில் நாங்கள் வெளிக்கிட்ட அன்று மச்சாள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. படலையோடு நின்று, "மீனை நல்லாய்க் கழுவு" என்று மட்டும் தம்பிக்குச் சொன்னார்.

பத்து வருடம் ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கென்று போனவர்கள் இன்னும் லுசாக்காவில்தான் இருக்கிறோம். இடையில் யாழ்தேவியும் நின்றுபோனது. எங்கள் வீட்டுப் பக்கம் இப்போது போகமுடியாது என்று மச்சாள் எழுதுகிறார். இங்கே இவரைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மிஸ்டர் ஞானம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் திருத்துவதில்லை. பக்கத்துத் தேவாலயத்து மண்டபத்தில், சந்தையில் வியாபாரம் செய்கிற பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகப் போய்த் தொடங்கியது.

அளவெட்டியை நினைக்கிறபோதெல்லாம் நான் ஆங்கிலமும் அவர் சமையலும் பழகிய அந்த மாதங்கள்தான் எனக்கு நினைவில் வருகின்றன. அவரோடு வாழ்ந்ததில் அவ்வளவு சந்தோஷமான காலம் வேறில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

லுசாக்காவில் என் முதல்நாள். பல நிறத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நின்று, தொண்டை கட்டி, கால் நொந்து வீட்டுக்கு வந்தேன். அவர் கேற்றடியில் நின்றார். நீலநிறத் துவாயொன்று தோளில் கிடந்தது, கண்ணெல்லாம் வெங்காயம் உரித்த சிவப்பு. பையை வாங்கிக்கொண்டு, "என்ன கேட்டவை? ஒண்டும் விடாமல் சொல்லும்" என்றார். நான் செருப்பைக் கழற்றாமலே படியில் இருந்துகொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினேன். உள்ளே சோறு ஆறிக்கொண்டிருந்தது.