வேண்டாம் என்று அமுக்கியவள்

அய்யாதுரை செத்துப்போனதைக்கூடப் பத்திரகாளி ஒருவழியாகத் தாங்கிக்கொண்டாள். தனக்குத் தெரியாமலே செத்துக்கொண்டிருந்தார் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடைசியாக மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நுரையீரல் கெட்டு ரொம்ப நாளாயிற்று, உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியுமே என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஒரே பாயில் படுத்த மனுஷன். இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிவிட்டவள் அவள். அவளிடமா மறைப்பது?

கருமாதி முடிந்தும் கோபம் முடியவில்லை. அவர் போட்டோ முன்னால் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். பாவம், புலம்புகிறாள் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவள் புலம்பவில்லை, வைதுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலையை விட வைத்திருப்பேனே, கூட வந்து உட்கார்ந்திருப்பேனே, என்னை என்ன மனுஷியாக நினைத்தீர்கள் என்று வைதாள். ஏன் சொல்லவில்லை என்பது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாரிசுச் சான்றிதழைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வைத்தியம் பார்த்துவந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்ன தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே ஓர் அறையில் டிவியை மாட்டி வைத்திருக்கிறார்கள். மதுரையில் இருக்கிற டாக்டர் அதில் முகம் காட்டி வைத்தியம் பார்ப்பார். பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து கலக்குகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான், குடிக்கிற மருந்துக்கு மாத்திரை என்று பெயர். முன்பு ஒருமுறை முனியராஜ் என்பவனுடைய எக்ஸ்ரே எப்படியோ வாட்ஸ்அப்பில் வெளியேறி, அவன் வேலை பார்த்த கம்பெனி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சீசன் நேரத்தில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பிறகுதான் பிளாக்செயின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நோயாளி சம்மதிக்காமல் அவர் பதிவை யாரும் திறக்க முடியாது. திறந்தால் திறந்தவர் பெயர் விழுந்துவிடும். ஒருமுறை பதிந்தது பதிந்ததுதான், மந்திரியே வந்தாலும் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. அதை நம்பித்தான் மருந்து கலக்குகிற அய்யாதுரையும் போனார். நல்ல பூட்டுதான், குறை சொல்ல முடியாது. திருடன் ஒருத்தனும் உள்ளே போகவில்லை. பெண்டாட்டியும் போகவில்லை.

நர்ஸ் எவாஞ்சலின் சான்றிதழைச் சரிபார்த்து, பத்திரகாளியின் கைரேகையை வாங்கி, பதிவைத் திறந்தாள். திறந்தவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும்.

"அக்கா, அண்ணன் ஒங்ககிட்ட மறைக்கல."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். வாயால் சொல்ல என்னால் ஆகாது சிஸ்டர், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து டாக்டரே சொல்லட்டும் என்று அய்யாதுரை கேட்டிருக்கிறார். அதற்கு முதலில் பதிவைப் பெண்டாட்டியோடு பகிர வேண்டும். அவர் கைரேகை வைத்தார், பத்திரகாளியின் போனுக்குச் செய்தி போயிற்று. அங்கிருந்து பதில் வந்தது. எவாஞ்சலின் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அவள் பெயருக்கு நேரே, வேண்டாம் என்று இருந்தது.

நான் எங்கே வேண்டாம் என்றேன் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நினைவு வந்துவிட்டது.

அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுப் போய், சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வாங்கிப் பார்த்தபோது ஒரு செய்தி கிடந்தது. ஒருவர் தன் பதிவை உங்களோடு பகிர விரும்புகிறார், சரியா, வேண்டாமா என்று. ஒருவர் என்றால் யார்? பெயரைப் போட்டால் ரகசியம் வெளியே போய்விடுமாம், அதனால் போடவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் கூட வேலை பார்க்கும் லட்சுமிகாந்தம் இப்படி ஏதோ ஒன்றுக்குச் சரி என்று அமுக்கி, பேங்கில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்துவிட்டு அழுதிருந்தாள். எது வந்தாலும் வேண்டாம் என்று அமுக்குங்கள் என்று மகளிர் குழுவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பத்திரகாளி அமுக்கினாள். கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தோம் என்று பஸ்ஸில் சந்தோஷமாகக்கூட வந்தாள்.

அன்று சோறு போடும்போது அவர் கேட்டார். போனில் ஏதாவது வந்ததா என்றுதான் கேட்டார்.

"வந்துச்சு. அந்த வம்பெல்லாம் எனக்கு வேணாம்னு அமுக்கிட்டேன். இனிமே வந்தாலும் அப்படித்தேன்."

செய்தியில் தன் பெயர் இல்லாதது தெரியாமல், சரி விடு என்றார் அய்யாதுரை. தட்டிலிருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் பேச்சுக் குறைந்துபோனதை அவளும் கவனித்தாள். தீபாவளி ஆர்டர், வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அட பாவி மனுஷா, எந்தச் செய்தி என்று ஒரு தடவை சொல்லக் கூடாதா? பத்திரகாளி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக என்னயப் பத்தி என்ன சொன்னாக? வஞ்சாகளா?"

"இல்லக்கா. பயந்துட்டா போல, பாவம், அவளத் தொந்தரவு பண்ண வேணாம்னு சொன்னாரு. அதுக்கப்புறம் தனியாத்தான் வருவாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரே என்று அவள் வாய்விட்டு அழுதாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவாஞ்சலின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அழுகை அடங்கியதும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழித்துவிடும்படி பத்திரகாளி கேட்டாள். வேறொன்றும் வேண்டாம், அது ஒன்றுதான். முடியாது என்றாள் எவாஞ்சலின். அழிக்கத்தான் முடியாது, அதற்குக் கீழே எழுதலாம், வாரிசுக்கு அந்த உரிமை உண்டு என்றாள். பத்திரகாளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான்னு தெரியாமப் போச்சு, தெரிஞ்சிருந்தா ஓடி வந்துருப்பேன்னு எழுதுங்க சிஸ்டர்."

எவாஞ்சலின் அப்படியே தட்டினாள். மறுபடியும் கைரேகை கேட்டது, பத்திரகாளி வைத்தாள். பதிந்துவிட்டது என்று வந்தது.

"இனி இத யாரு யாரு பாக்கலாம்?"

தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற பதில் எவாஞ்சலின் வாயில் தானாக வந்துவிட்டது.

"வேற யாரும் பாக்க முடியாதுக்கா, பயப்படாதீக. அண்ணனும் நீங்களும் மட்டுந்தான் பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பத்திரகாளி தலையை ஆட்டினாள். இவ்வளவு பத்திரமான இடத்தில் எழுதியும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.