தொழிலுக்கு மட்டுமான அறை

வரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அறையைப் பார்க்கப்போகிறார் என்று தெரிந்ததும், ஏசி மெக்கானிக் முதலில் செய்த காரியம் அப்பாவின் கட்டிலைக் கழற்றியது. தினம் நாலு ஏசியைக் கழற்றி மாட்டுகிறவனுக்குக் கட்டில் எம்மாத்திரம்? எட்டே போல்ட்.

விஷயம் இதுதான். அவனுக்குக் கடை கிடையாது. வாடகை வீட்டின் முன்னறையில்தான் உதிரிபாகங்கள், பில் புத்தகம், போன் எல்லாம். “ஒரு ரூமைத் தொழிலுக்கு மட்டும் வச்சிருந்தா, வாடகையில அந்தப் பங்கைச் செலவாக் காட்டி வரியைக் குறைக்கலாம். மட்டும்ங்கிறதை மறந்துடாதீங்க” என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார். அப்போது அதில் பொய் எதுவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா இடுப்பெலும்பு முறிந்து மகன் வீட்டோடு வந்து சேர்ந்தார். முன்னறையில் கட்டில் வந்தது, உதிரிபாகங்கள் கட்டிலுக்கடியில் போயின. வரிப் படிவத்தில் மட்டும் அறை பழையபடி தொழில் செய்துகொண்டிருந்தது. ஆடிட்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பான், மறந்துவிடுவான். வருடம் முழுக்க எங்கேயோ இருந்துவிட்டு, வரி கட்டும் மாதத்தில் தவறாமல் வந்துவிடும் மறதி அது.

கட்டிலைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டான். மருந்துப் பெட்டி பரணில் ஏறியது. அப்பா பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தது. அப்பாவைத்தான் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும், அவரால் ஆகாது. உள்ளறையோ இரண்டு பேர் படுக்கவே போதாது, அங்கேதான் இருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

“அப்பா, ஒரு அரை மணி நேரம்... கஸ்டமர் மாதிரி உக்காந்திருக்கீங்களா?” என்று கேட்டான். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பனியனைப் பார்த்துக் கேட்டான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்துவிட்டார். “நான் பாக்காத செக்கிங்காடா? நல்ல சட்டையா ஒண்ணு குடு. கஸ்டமர்னா கொஞ்சம் பந்தாவா இருக்க வேணாமா?”

மெக்கானிக்கின் மனைவி மாமனாருக்குச் சட்டையைப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானையும் மாட்டிவிட்டு, புருஷன் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்றிருந்தது.

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். மேசை, பில் புத்தகம், காஸ் சிலிண்டர், செப்புக் குழாய்ச் சுருள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் துடைத்தார்.

“ஃபேன் இருக்கா?”

மெக்கானிக் எழுந்திருப்பதற்குள், நாற்காலியில் இருந்த ‘கஸ்டமர்’ திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையை நீட்டி, பீரோவுக்குப் பின்னால் விட்டு, சுவிட்சைத் தட்டினார். அந்த வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் தானாகக் கண்டுபிடித்திராத சுவிட்ச். ஃபேன் ஓடியது. அவனுக்குக் குப்பென்று வியர்த்தது.

அதிகாரி பேனாவை மூடினார். “பெரியவர் யாரு?”

“வீட்டுல ஏசி ரிப்பேர் சார். கூலிங்கே இல்ல. இவர் வந்து பாத்தாத்தான் ஆச்சு” என்றார் அப்பா. இவராம். பிறந்த நாள் முதல் அவனை ‘டா’ போட்டே கூப்பிட்ட வாய்.

அதிகாரி மெக்கானிக் பக்கம் திரும்பினார். “ஒண்ணு கேக்கறேன். வயசான அம்மா அப்பா யாராவது உங்க கூட இருக்காங்களா? அவங்களை வச்சுப் பாத்துக்கிட்டா, வைத்தியச் செலவுக்குத் தனியா வரிக்கழிவு உண்டு. இந்த ரூமுக்குக் கிடைக்கிறதைவிட ஜாஸ்தி. நிறைய பேருக்குத் தெரியறதில்ல.”

கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தார். இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பழகிய வழியிலேயே நாக்கு போயிற்று.

“இல்ல சார். அப்படி யாரும் இல்ல.”

அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை. அதிகாரி அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், கிளம்பினார்.

“போயிட்டாரா?” என்று கேட்டார் அப்பா. இரண்டு கையும் மடியில் அப்படியே இருந்தன.

“போயிட்டாரு.”

“அப்ப நான் படுக்கலாமா? இடுப்பு விட்டுப்போச்சுடா.”

படுக்கக் கட்டில் இல்லை. மெக்கானிக் கூனிக் குறுகிப்போனான். தன் உடம்பையே எங்காவது கழற்றிப் போட்டுவிடலாம் போலிருந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான்.

அதிகாரி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். “சார், உள்ள இருந்தவரு எங்க அப்பா. மூணு வருஷமா அது அவரோட ரூம்தான்.”

“ஃபேன் போட்டப்பவே தெரிஞ்சுது. அதனாலதான் கேட்டேன்” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. “மூணு வருஷத்துக்கும் திருத்திக் குடுங்க. அபராதம் வரும். அதுக்குத் தயாரா இருங்க.”

திரும்பி வந்து, பக்கத்து வீட்டிலிருந்து கட்டிலைத் தூக்கிவந்து போல்ட்டுகளை முடுக்கினான். எட்டையும் முடுக்கி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

“அவர்கிட்ட சொல்லிட்டேம்ப்பா.”

“என்னன்னு?”

“நீங்க என் அப்பான்னு.”

அப்பா அந்த நல்ல சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நம்பினாரா?” என்று கேட்டார்.