இரண்டு சமக்குறி

மென்பொருள் நிறுவனம் ஒன்றின் வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிடுவது அவள் வேலை. உள்ளே போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, தானும் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நிரல் எழுத வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. ஆசை என்பது மரியாதைக்கு. பைத்தியம் என்பதே சரி.

உள்ளே குழுவை நடத்துகிற பெண் அவளைவிட இளையவள். ஒருநாள் அவளே வந்து சொன்னாள்:

"ஒரு நாற்காலி காலியா இருக்குக்கா. டெவலப்பர் சர்டிஃபிகேட் பரீட்சை பாஸ் பண்ணிட்டு வாங்க, முதலாளிகிட்ட நான் பேசுறேன். இந்த மாசம் தாண்டிச்சுன்னா வெளிய இருந்து ஆள் எடுத்துடுவாங்க. சும்மா வீடியோவா பாத்துத் தள்ளாதீங்க. ஒவ்வொரு புரோகிராமையும் கையால அடிங்க. சொந்தமா சின்னதா ஒண்ணு செஞ்சு பாருங்க, அப்பதான் மண்டையில ஏறும்."

அவள் கையால் அடிக்க, பார்த்து வாசித்துச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தார். அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அங்கே ஒருவர் மூலத்தை ஒரு நிறுத்தற்குறிகூட விடாமல் உரக்க வாசிப்பார், இன்னொருவர் அச்சடித்த தாளோடு ஒப்பிடுவார். வாசிக்கிற குரல் இவருடையது. அதனால் பரீட்சைப் புத்தகத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டார், அவள் மடிக்கணினியோடு எதிரே உட்கார்ந்தாள்.

"அடைப்பு திற. வயது சமம் பதினெட்டு. அடைப்பு மூடு," என்று அவர் ராகம் போடுவார். "அரைப்புள்ளி. ஏம்மா, அரைப்புள்ளியை விட்டுட்டியே!"

வீட்டு வேலை பாதி கிடப்பில் கிடந்தது. இருவருக்கும் கவலையில்லை. புத்தகத்து எடுத்துக்காட்டுகளில் விடை பெரும்பாலும் 'ஆம்' என்றே வரவேண்டியிருந்ததால் எல்லாம் சரியாக ஓடின. மகிழ்ச்சியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொந்தமாகவும் ஒன்று செய்தாள். வருகிறவர் யாரென்று வாசல் மேசையில் தட்டினால் போதும். வந்தவர் முதலாளி என்றால் மட்டும், உள் அறைத் திரையில் 'முதலாளி வருகிறார்' என்று சிவப்பில் மின்னும். உள்ளே இருப்பவர்கள் அவளைக் கொண்டாடினார்கள்.

மறுநாள் காலையில் தண்ணீர் கேன்காரர் வந்தார். அவள் தட்டினாள். உள்ளே ஒரே அல்லோலகல்லோலம். ஒருவர் சதுரங்கப் பலகையை அப்படியே இழுப்பறைக்குள் தள்ள, இன்னொருவர் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லாமலே விழுங்கினார். கதவைத் திறந்துகொண்டு கேன் வந்தது. அடுத்து கூரியர்காரர். மறுபடி சிவப்பு, மறுபடி ஓட்டம். அதன்பிறகு குளிர்சாதனம் பழுதுபார்க்கிறவரும் முதலாளியானார். நான்காவது முறை மின்னியபோது யாரும் அசையவில்லை. குழுவை நடத்துகிற பெண் காலை மேசைமேல் நீட்டியபடி, "இந்தத் தடவை யாரு, எலக்ட்ரீஷியனா?" என்று கேட்டாள்.

முதலாளியேதான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் போனபின் அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். "கதவைத் தாண்டி வர்றவங்க எல்லாருமே முதலாளியாக்கா? இதை வச்சுக்கிட்டு நாளைக்குப் பரீட்சை எழுதப்போறீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைச் சோபாவில் எறிந்தாள். "நான் எழுதப்போறதில்லைங்க. எனக்கு இதெல்லாம் வராது. கதவு திறக்கத்தான் லாயக்கு." குரல் உடைந்தது. அவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்.

அவர் புத்தகத்தை எடுத்து, அந்தப் பாடத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அவள் எரிச்சலில் எட்டிப் பிடுங்கினாள். முதல்முறையாகத் தன் கண்ணாலேயே அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"இங்க சமக்குறி ரெண்டு இருக்கே!"

"ஆமா, அச்சுப் பிழை," என்றார் அவர் வெகு நிதானமாக. "ஒரே குறியை ரெண்டு தடவை அடிச்சிருக்கான். புத்தகம் முழுக்க இதே கூத்து. வாசிக்கும்போதே நானே சரி பண்ணிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். அடிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரிப்புதான் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு.

"ஒண்ணு போட்டா, வச்சுக்கோன்னு அர்த்தம். ரெண்டு போட்டா, அதுதானான்னு கேக்குறது. நான் யாரையும் முதலாளியான்னு கேக்கவே இல்ல. வர்றவங்களையெல்லாம் முதலாளியா ஆக்கிட்டு இருந்திருக்கேன்!"

"அப்ப நான் வந்திருந்தா?"

"நீங்களும்தான்."

"அடடா, ஒரு நாள் வந்திருக்கலாமே," என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. "என்னாலதானேம்மா. தெரியாததைத் திருத்தப் போயிட்டேன்." அன்று மாலை புத்தகத்தில் 'அதுதானா' என்று கேட்கிற நிபந்தனைப் பாடங்கள் அத்தனையையும் மறுபடி வாசித்தார். "சமம் சமம்" என்று ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொன்னார்.

பரீட்சையில் நடுவே ஒரு கேள்வி: கீழேயுள்ள நிரல் எப்போதும் ஒரே விடையைத் தருகிறது, ஏன்? அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கண்காணிப்பாளர் முறைத்தார். தண்ணீர் கேன்காரரை மனதார வாழ்த்திவிட்டு விடையைக் குறித்தாள்.

சான்றிதழ் வந்த அன்றே காலி நாற்காலி அவளுக்கு என்றானது. வாசல் மேசைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினாள். வாயெல்லாம் பல். அவர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அச்சகக் குரலில் வாசித்தார். அவள் பெயர், காற்புள்ளி. பரீட்சையின் பெயர், காற்புள்ளி. "தேர்ச்சி பெற்றார். முற்றுப்புள்ளி."

அங்கே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க!" என்று அவள் பாய்ந்தாள்.

"இது நிஜமாவே அச்சுப் பிழைம்மா. இந்த இடத்துல ஆச்சரியக்குறி வரணும்," என்றார் அவர். "அதுவும் ரெண்டு."