நகராத புள்ளி

தான் கம்பத்தில் மாட்டிய ரேடார், மூடுபனிக்குள் எறும்பு பெருமூச்சு விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று மெக்கானிக் சத்தியமே செய்வார். போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் நம்பியதில்லை. அவருடைய மனைவியின் தம்பிதான் அங்கே மேற்பார்வையாளர்; அவன் வாய்விட்டே சிரிப்பான்.

அன்று காலை கேமராக்களில் வெறும் வெள்ளைப் பனி. ரேடார் திரையில் மட்டும் நடுச்சாலையில் ஒரு புள்ளி நகராமல் கிடந்தது.

"லாரியிலேருந்து விழுந்த மூட்டை, அத்தான். நகராததை அழிச்சிடணும்."

"மூட்டை மூச்சு விடுமா, மச்சான்? உத்துப் பாரு, லேசா நடுங்குது. சிவப்பு விளக்கைப் போடு."

"உங்க எறும்புக்காக ஊரையே நிறுத்தவா?"

மச்சான் புள்ளியை அழித்தான். மெக்கானிக் சாலையை நோக்கி ஓடினார். அதற்குள் பேருந்து முந்திக்கொண்டது. சைக்கிளிலிருந்து விழுந்து கிடந்த பேப்பர்காரர் சக்கரத்துக்கடியில் போய்விட்டார்.

"பஸ் மேல ஏறும்போது அவர் உயிரோடதான் இருந்தார்," என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் மெக்கானிக் சொன்னார். அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். அண்டப்புளுகர் என்று பெயரெடுத்தவர் சொல்லுக்குச் சாட்சியாக ஒரு பதிவும் இல்லை; புள்ளியோடு அதுவும் அழிந்திருந்தது.

மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அவர் சொல்றது நிஜம்தாங்க. அது நடுங்குச்சு. பார்த்துட்டுத்தான் அழிச்சேன்."