பிள்ளைக்காம்பராக் கிடாய்

தோட்டத்து ஆபீஸ் அனுப்பிய மலர்வளையத்தில் பாதியைக் கிடாய் தின்று முடித்த பிறகுதான் பொன்னையா அதைக் கண்டார். மீதிப் பாதி அதன் கொம்பில் தொங்கியது.

"இழவு வீட்டுக்குள்ள இந்தச் சனியன எவன்டா விட்டது?"

"நாங்கதான் தாத்தா" என்றன நாலைந்து குரல்கள். அவர் மனைவி இராக்கம்மா டீச்சரின் பிள்ளைக்காம்பராப் பட்டாளம். ஆளுக்கொரு முள்முருங்கைக் கொப்புடன் நின்றது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் காம்பராவில் விட்டுப் போகும் இந்த வாண்டுகளுக்கு அவள் பாட்டுக்கும் எழுத்துக்கும் முன்பே ஆடு, கோழி, முயலுக்குத் தீனி வைக்கத்தான் பழக்கினாள். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதும், "முயலுக்குத் தண்ணி வச்சாச்சா?" என்றுதான் கேட்டாளாம். பதுளை ஆஸ்பத்திரி வாசலைக் காணுமுன் போய்விட்டாள்.

"காம்பரா பூட்டிக் கெடக்கு. இவருக்குப் பசிக்கும்ல? அதான் கூட்டியாந்தோம்" என்றாள் தனுஜா. வயது நான்கு, அதிகாரம் நாற்பது.

பொன்னையா அந்தக் காம்பராப் பக்கம் தலைவைத்துப் படுத்தவரில்லை. ஆட்டு வாடை என்றால் ஒரு மலை தள்ளி நிற்பவர்.

பெட்டியைத் தூக்கினார்கள். கிடாய் வாசற்படியில் நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டது. வெளியே தப்பு முழங்கியது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மைத்துனன் கஜேந்திரன் கயிற்றைப் பிடித்தான். பிறகு லயத்தில் குடியிருந்த பாதிச் சனமே பிடித்தது. கயிறு நீண்டதே தவிரக் கிடாய் அசையவில்லை. அந்த இழுப்புக்கு நமுனுகுல மலை ஓரடி நகர்ந்திருக்கும். பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

பொன்னையாவுக்கு உடம்பு கூசியது. போகிறவளுக்கு இது ஒரே ஒரு கடைசிப் பயணம். அதையும் ஊர் சிரிக்கவா அனுப்புவது?

"மச்சான், ஒரு வார்த்த சொல்லுங்க. கருமாதிக்குக் கறி ஆச்சு" என்றான் கஜேந்திரன்.

"இழுக்கக் கூடாது!" தனுஜா இடுப்பில் கைவைத்தாள். "பயந்துரும். முன்னால நின்னு, எலையக் காட்டி, பேரச் சொல்லி மரியாதையாக் கூப்பிடணும். டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப கூப்பிட்டுத் தொலை!" என்று சீறினார் பொன்னையா.

லயத்துப் பெண்கள் எல்லாரும் திடீரென்று கூரைத் தகரத்தை ஆராயத் தொடங்கினார்கள்.

தனுஜா கொப்பை நீட்டினாள். "பொன்னையா, கோவிச்சுக்காதீங்க. வாங்க பொன்னையா, சாப்பிடலாம்."

கிடாய் காதை ஆட்டிக்கொண்டு சாதுவாக அவள் பின்னால் நடந்தது. தப்பு தானாக நின்றது.

முப்பது வருஷமாக அவருக்கு அந்த வீட்டில் பெயர் 'இந்தாங்க'. புருசன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று, கிராம சேவகர் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்ல வைத்தவள் இராக்கம்மா.

"டீச்சர்... இப்பிடியா கூப்பிடுவா?" என்றார்.

"நாள் பூராவும்" என்றாள் தனுஜா. "முட்டுவாரு, ஆனா நல்லவருன்னு சொல்லுவாங்க."

கஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான், தோள்கள் குலுங்கின. பொன்னையா கிடாயைப் பார்த்தார். எண்ணெய் தடவியது போல் மினுங்கும் உடம்பு. நூறு வயசுக்குத் தாங்கும்.

"தூக்குங்கப்பா" என்றார். "மழ வரப்போகுது."

மயானத்திலிருந்து திரும்பிக் குளித்தவர், லயத்துக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கிடாய் கொஞ்சம் தள்ளிப் படுத்து அசைபோட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"பொன்னையா, சாப்பிட வாங்க!" லயத்துக் கோடியிலிருந்து ஒரு பிஞ்சுக் குரல் வந்தது.

இருவரும் எழுந்தார்கள்.